ஆட்ரி லார்டைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

அமெரிக்கக் கறுப்பினப் பெண் கவிஞர் ஆட்ரி லார்டின் (1934–1992) கவிதைகளையோ கட்டுரைகளையோ தமிழுக்குக் கொண்டுவரும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறோம். நியூயார்க்கில் கரீபியப் பெற்றோருக்குப் பிறந்து, நூலகவியல் படித்து, நூலகராக வேலை பார்த்து, பிறகு கல்லூரிகளில் கற்பித்தவர் அவர். சொல்லை அளந்து வைப்பவர். அவர் வேண்டுமென்றே கரடாக விட்ட இடங்களைத் தமிழ் மழுப்பிவிடும் ஆபத்து உண்டு. எங்கள் கவலை அதுதான்.

‘நிலக்கரி’ கவிதையை எடுத்துக்கொள்வோம். ‘நான்’ என்ற எழுவாயை முதல் அடியில் தனியே நிறுத்திவிட்டு, அடுத்த அடியைப் படர்க்கை வினையால் தொடங்குகிறார். ஆங்கிலக் காதுக்கு அது பிழை. தமிழில் ‘நான் முழுக் கறுப்பு’ என்றால் வினையே தேவையில்லை. வாக்கியம் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், இடறல் காணாமல் போகும். ‘நான் என்பது முழுக் கறுப்பு’ இன்னும் மோசம், தத்துவப் பாடமாகிவிடும். ‘நான் / முழுக் கறுப்பாய் இருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். மெய்ப்பு பார்ப்பவர் அதை ‘இருக்கிறேன்’ என்று நல்லெண்ணத்தோடு திருத்திவிடுவார். ஆகவே கைப்பிரதியின் ஓரத்திலேயே ‘இது பிழையல்ல, மாற்ற வேண்டாம்’ என்று எழுதி அனுப்புங்கள்.

1978இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் வாசித்த ‘ஈராட்டிக்’ (erotic) பற்றிய உரைக்கு ‘பாலின்பம்’ போதாது. ஆழ்ந்து ஈடுபட்டுச் செய்யும் எந்த வேலையிலும், அது அலமாரி செய்வதாகவே இருந்தாலும், அந்த ஆற்றல் இருப்பதாக அவர் சொல்கிறார். குறள் பெரிதாகப் புழங்கிய ‘காமம்’ என்ற சொல்லை மீட்டெடுப்பதே எங்கள் தேர்வு. அதே உரையில் பலர் தடுக்கி விழக்கூடிய ஒரு படிமம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் கொழுப்பு) நிறமில்லாமல் வெள்ளையாக, பிளாஸ்டிக் பையில் விற்கப்பட்டது. உள்ளே மஞ்சள் நிறமியின் சிறு உருண்டை ஒன்று இருக்கும். மார்ஜரின் இளகியதும் அந்த உருண்டையைப் பையோடு நசுக்கிப் பிசைந்துகொண்டே இருந்தால் முழுவதும் மஞ்சளேறும், அந்த ஆற்றல் வாழ்வெங்கும் பரவுவதுபோல. இதை ‘வெண்ணெய்’ என்று பெயர்த்தால் படிமம் செத்துப்போகும்: நம் வீட்டு வெண்ணெய் வெள்ளைதானே, அதற்கு எதற்கு மஞ்சள்? மார்ஜரின் என்றே எழுதி, மேற்சொன்ன செய்தியை இரண்டு வரி அடிக்குறிப்பாகக் கொடுங்கள்.

1982இல் வந்த தன்வரலாற்றுப் புனைவின் தலைப்புச் சொல்லான ‘Zami’, ஒன்றாக உழைத்துத் தோழிகளாகவும் காதலர்களாகவும் வாழும் பெண்களைக் குறிக்கும் கரியாகூ தீவுச் சொல். அவர் தாயின் ஊர் அது. ‘ஸாமி’ என்று அச்சிட்டால் படிப்பவர் வாயில் கடவுளாகிவிடும். ‘ஜாமி’ ஓரளவு நெருங்கும். காதல் கவிதைகளில் காதலியை ‘அவர்’ ஆக்கி, அவள் பெண் என்பதை மறைக்காதீர்கள். ‘அவள்’ என்றே வரட்டும்.

‘எஜமானரின் கருவிகள் எஜமானரின் வீட்டை ஒருபோதும் இடிக்காது’ என்று ஒற்றை வரியாகச் சுற்றும் உரை, 1979 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கில் நடந்த பெண்ணிய மாநாட்டில் பேசப்பட்டது. கறுப்பினப் பெண்களைக் கடைசி நேரத்தில் தேடிப் பிடித்து ஒரே அமர்வில் அடைத்தவர்களிடம்தான் அவர் பேசினார். நீங்கள் இங்கே கூடியிருக்கும்போது உங்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் யார் என்று கேட்டார். அந்தக் கேள்வியை வெட்டிவிட்டுத் தலைப்பை மட்டும் அட்டையில் போடுவது அநியாயம்.

பதிப்பாசிரியர்களுக்கு: 1982இல் தொகுத்த கவிதைகளை 1992இல் அவரே திருத்தி மறுபடி வெளியிட்டார். எந்தப் பதிப்பிலிருந்து பெயர்த்தது என்று ஒவ்வொரு கவிதைக்கும் குறிப்பிடுங்கள். இந்தியச் சட்டப்படி 2052 முடியும்வரை காப்புரிமை உண்டு. அனுமதி கேட்கும் கடிதத்தில் கவிதைத் தலைப்பு, மூலப் பதிப்பு, அச்சிடும் படிகள், விலை, விற்கும் நாடுகள், மின்னூல் உண்டா என்பதையெல்லாம் எழுதிவிட்டால் கடிதப் போக்குவரத்து குறையும்.

இனி ‘அதிகாரம்’ என்ற கவிதை. 1973இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிளிஃபோர்ட் குளோவர் என்ற 10 வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற காவலர் மறு ஆண்டு விடுதலையானார். காரோட்டிக்கொண்டிருந்த லார்ட், வானொலியில் அதைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டி எழுதத் தொடங்கிய கவிதை. நாங்கள் மேலே எழுதியதுபோல ‘காவலர்’ என்பது செய்தித்தாள் மரியாதை. கவிதைக்குள் அது கூடாது. ‘அவன்’ என்றே எழுதுங்கள். ஜூரியில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணின் உயரம் 4 அடி 10 அங்குலம் என்று வரும். சென்டிமீட்டராக்க வேண்டாம், சுற்றி இருந்த 11 வெள்ளை ஆண்களுக்கு நடுவே அந்த உயரம் கண்ணில் பட வேண்டும். சாகும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லப்பட்ட வசையைப் புள்ளி வைத்து மறைக்காதீர்கள். அதற்கு ஒலிநாடா சாட்சி உண்டு என்று அடுத்த வரியிலேயே கவிதை சொல்கிறது.

அன்புடன்,
கறுப்பினப் பெண்களின் எழுத்தை வாசித்தும் பயிற்றுவித்தும் வரும் சிலர்