பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டருகிலேயே மின்தூண்டல் சிகிச்சை கிடைக்கச் செய்யுமாறு கோரும் மனு

அனுப்புநர்:
பக்கவாத நோயாளி ஒருவரின் மனைவி,
வியாசர்பாடி, சென்னை – 600 039.
(பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: எங்கள் பகுதி நகர்ப்புற நல மையங்களில் தசை மின்தூண்டல் கருவி (செயலிழந்த சதைக்கு லேசான கரண்ட் கொடுத்து அசைய வைப்பது), அதன் கரண்டை உடம்பில் செலுத்தத் தோலில் வைக்கும் பேட், தினசரி பிசியோதெரபிஸ்ட் ஆகியவற்றை ஏற்பாடு செய்து தரவும், தேவைப்படுவோருக்குச் சிறிய கருவியை வீட்டுக்கு இரவலாகத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் பெயின்டர். வயது 52. மூன்றாம் மாடி உயரத்தில் கயிறு கட்டித் தொங்கியபடி சுவருக்கு வண்ணம் அடித்தவர். போன ஆடி மாதம் ஒரு காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. 108-இல் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றியை மறந்து இந்த மனுவை எழுதவில்லை.

வார்டில் ஏழாவது நாள் பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒரு சிறிய பெட்டியோடு வந்தார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பேட், முன்னங்கால் சதையில் இன்னொரு பேட் வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒரு வாரமாக மரக்கட்டை போலக் கிடந்த பாதம் தானாக மேலே தூக்கியது. என் கணவர் அழுதுவிட்டார், நானும்தான். அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கரண்ட் தூக்கும்போது நீங்களும் மனசு வச்சுத் தூக்கணும்ணா. சும்மா படுத்திருந்தா முழுப் பலன் வராது."

டிஸ்சார்ஜ் ஆனபோது வாரத்தில் ஐந்து நாளாவது இந்தச் சிகிச்சையும் பயிற்சியும் தொடர வேண்டும் என்றார்கள். இழந்ததில் பெரும்பகுதி திரும்புவது முதல் மூன்று மாதத்தில்தான், அதன் பிறகு வேகம் குறையும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் கஷ்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

பேருந்தில் எனக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் அவரால் படி ஏற முடியாது. பாதம் தொங்குவதால் விரல் படியில் இடிக்கிறது. மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய் வர ஒரு நாளைக்கு 400 ரூபாய் ஆனது. நான் வீட்டில் ரவிக்கை தைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. இரண்டு வாரம் போனோம். பிறகு வாரம் ஒரு முறையானது, அப்புறம் நின்றுபோனது.

வீட்டுக்கு அருகிலேயே ஒரு மையம் இருக்கிறது. அதன் பெயரை எழுத விரும்பவில்லை, அங்குள்ள யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. கருவி அங்கே பீரோவில் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். நாங்கள் போன அன்று அவர் எடுத்துக் காட்டிய ரப்பர் பேட்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஜெல்லும் தீர்ந்திருந்தது. வெடித்த பேட்டில் கரண்ட் சதை முழுவதும் பரவாமல் ஒரே புள்ளியில் குவியும், தோல் சுட்டுவிடும், அதனால் வைக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. என் கணவருக்குச் சர்க்கரையும் உண்டு, காலில் உணர்ச்சி குறைவு. சுட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் சில நூறு ரூபாய் பேட் இல்லாமல் அவ்வளவு பெரிய கருவி பூட்டிக் கிடப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை, ஐயா.

இது ஏதோ பணக்காரர்களுக்கான புதுமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். 1961-இலேயே அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவர், பக்கவாதம் வந்தவர்களின் செருப்புக் குதிகாலில் ஒரு சுவிட்ச் வைத்தார். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பினால் கரண்ட் பாயும், பாதம் தூக்கும். குதிகால் தரையில் பட்டால் நின்றுவிடும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பின் தலையருகே, பாதத்தைத் தூக்க வைக்கும் பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் இது முடிகிறது. பக்கவாதத்தில் அடிபடுவது மூளை. காலில் இருக்கும் நரம்பும் சதையும் உயிரோடுதான் இருக்கின்றன, மேலிருந்து கட்டளை வரவில்லை, அவ்வளவுதான். நொடிக்கு 30 முதல் 50 முறை, ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான சிறு துடிப்புகளாகக் கரண்ட் கொடுத்தால் அந்த நரம்பு சதையை இழுக்க வைக்கிறது. நரம்பே அறுந்துபோனவர்களுக்கு இந்தக் குறுகிய துடிப்பு வேலை செய்யாது. அவர்களுக்கு நீண்ட துடிப்பு வேண்டும். யாருக்கு எது என்று பார்த்துச் சொல்ல ஆள் தேவை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் வைக்கிற டென்ஸ் கருவியைக் காட்டி "இங்கேயும் கரண்ட் வைக்கிறோமே" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். டென்ஸ் வலியைக் குறைப்பதற்கானது. நான் கேட்பது சதையைச் சுருங்க வைக்கிற தூண்டல். வெளியே பார்த்தால் இரண்டும் பெட்டி, ஒயர், பேட்தான். பயனும் அளவும் வேறு வேறு.

தோளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சதை தளர்ந்து கையின் கனம் கீழே இழுத்ததால் என் கணவரின் வலது தோள் மூட்டு ஒரு விரல் அகலம் இறங்கிவிட்டது. ராத்திரியில் வலியால் முனகுகிறார். தோளின் மேலும் பின்னும் உள்ள சதைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தூண்டல் கொடுத்திருந்தால் இது குறைந்திருக்க வாய்ப்பு உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வண்ணம் அடித்த கை அது. அதைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

வழியில்லாத குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் ஆன்லைனில் விற்கும் மசாஜ் பட்டையை வாங்கிப் பக்கவாதக் காலில் ஒட்டுகிறார். இன்னொரு அம்மா தனியார் இடம் ஒன்றில் ஒரு தடவைக்கு 400 ரூபாய் கொடுத்துக் காலில் கொப்புளத்தோடு வந்தார். ஊசியால் தொட்டுப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று அங்கே யாரும் சோதிக்கவில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, எங்கள் மண்டலத்தில் ஒரு நகர்ப்புற சமுதாய நல மையத்திலாவது வாரம் ஆறு நாளும் பிசியோதெரபிஸ்ட் இருக்கும்படி செய்யுங்கள். பேட், ஜெல், கட்டும் பட்டை இவற்றை மருந்து மாத்திரை போல மாதாந்திர இன்டென்ட்டில் (மையம் கேட்டு வாங்கும் பொருள் பட்டியலில்) சேர்த்துவிடுங்கள். என் மனுவில் ஒன்றே ஒன்றுதான் நிறைவேறும் என்றால் இதுவே நிறைவேறட்டும். ஒட்டும் பேட் சுமார் 20, 30 தடவைக்கு மேல் தாங்காது. நம் ஊர் வியர்வைக்கு அதற்கு முன்பே ஒட்டாமல் போகும். ஒருவர் தோலில் ஒட்டியதை அடுத்தவருக்கு ஒட்டுவதும் சரியில்லை. நோயாளிக்கு ஒரு ஜோடி என்று பெயர் எழுதிக் கொடுக்கலாம்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் மையத்துக்கும் வர முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. அந்தத் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பணியாளர் தங்கை, படுக்கையில் எப்படித் திருப்பிப் போடுவது, எந்தப் பக்கம் தலையணை வைப்பது என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் கையில் பேட்டரியில் ஓடும் சிறிய தூண்டல் கருவி ஒன்றைக் கொடுத்து, குடும்பத்தில் ஒருவருக்குக் கற்றுத் தந்து, மூன்று மாதத்துக்கு இரவலாக விட்டுப் போகச் செய்யலாம். பேட் வைக்கும் இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துக் காட்டினால் என்னைப் போன்றவர்களாலும் செய்ய முடியும். முன்பணம் கேட்டாலும் கட்டுகிறோம். முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 27-இல் மறுவாழ்வுச் சேவைகளை நடத்தும் கடமையை அரசோடு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. மாநகராட்சியிடம் இதைக் கேட்பதற்கு எனக்கு அதுவே துணை.

என் கணவருக்கு முதல் மூன்று மாதம் போய்விட்டது. இனியும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறலாம் என்கிறார்கள், முயற்சியை விடப் போவதில்லை. ஆனால் எங்கள் தெருக்கோடியில் போன வாரம் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது, வயது 45. அவருக்கு அந்த மூன்று மாதம் இன்னும் கையில் இருக்கிறது. அது கழிவதற்குள் ஆவன செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் சீட்டு நகல், பிசியோதெரபி பரிந்துரைச் சீட்டு நகல், தெருவாசிகள் கையொப்பத் தாள்.

இடம்: சென்னை – 39

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)