கரையின் வெளிப்பக்கம் இறங்கிப் பார்த்தவர்களுக்கு நன்றி

படகுத்துறைக்கு வருகிற எவருடைய கண்ணும் முதலில் தண்ணீரைத்தான் தேடும். கரையின் வெளிச்சரிவில் இறங்கி, புல்லை விலக்கிக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. அப்படிப் பார்த்த சிலரால்தான் இந்தச் சின்ன ஏரி இன்று நிறைந்து நிற்கிறது. ஏரிக்கரைப் பராமரிப்புக் குழுவின் இந்த மடல் முதலில் அவர்களுக்கு. பிறகு, அவர்கள் சொன்னதை நம்பி வேலையில் இறங்கிய எல்லோருக்கும்.

காலையில் நடக்க வருகிறவர்களே, மதகுக் குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சையும் கோரையுமாக இருந்ததைக் கவனித்தீர்கள். அதோடு நிற்காமல் அங்கே ஊறிய நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வந்தீர்கள். மண் கரை என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும். தெளிந்த நீர், அளவு மாறாமல் வருகிறவரை அதனோடு வாழலாம். கலங்கி வந்தால் கரையின் உடம்பிலிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்த அந்தப் பாட்டிலின் அடியில் நகத்தின் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அதன்பிறகு விவாதத்துக்கு இடமே இருக்கவில்லை.

இந்த அரிப்பு நீர் வெளிவரும் முனையில் தொடங்கி, ஏரியை நோக்கிப் பின்னால் நகரும். ஒரு பிடி மண் போனால் நீர் கடக்க வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறையும். தூரம் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் மண் போகும். மாதக்கணக்கில் மெதுவாக நடந்தது கடைசியில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அன்றிரவு மணல் மூட்டை சுமந்த இளைஞர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஊற்றைக் கண்டால் களிமண்ணைத் திணித்து அடைக்கத்தான் கை போகும். அடைத்தால் அழுத்தம் உள்ளேயே ஏறி, இன்னும் பலவீனமான வேறொரு இடத்தைப் பிளந்துகொண்டு வரும். நீங்கள் ஊற்றைத் தொடாமல் அதைச் சுற்றி மூட்டைகளால் ஒரு கிணறுபோல் வளையம் கட்டினீர்கள். உள்ளே நீர்மட்டம் ஏற ஏற எதிரழுத்தம் கூடி, ஊற்றின் வேகம் தணிந்தது. 60 செ.மீ. உயரத்தில் நீர் தெளிந்தது, அங்கே நிறுத்தினீர்கள். நீர் தெளிந்தால் போதும், நிற்க வேண்டியதில்லை என்பதை அந்த அவசரத்திலும் நினைவில் வைத்திருந்தீர்கள்.

மறுநாள் வளையத்துக்குள் 30 செ.மீ. கரடு மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும்மேல் எடைக்குக் கல் என்று தலைகீழ் வடிகட்டி போட்டோம். நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் பிடித்துவைக்க வேண்டும் என்பதால் மணலின் தேர்வு முக்கியம். மணலில் எடைக்கு 15 சதவீதம் கடந்துபோகும் சல்லடைத் துளை, கரை மண்ணில் 85 சதவீதம் கடந்துபோகும் துளையைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது மண் பொறியியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி காலத்திலிருந்து வருகிற விதி. அதற்காகச் சல்லடைச் சோதனை செய்து தந்த ஆய்வகத்தாருக்கும் நன்றி. அவர்கள் காட்டிய இன்னொரு சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். ஈர மணலை வாளியில் இறுக்கிக் குத்தி, தட்டில் கவிழ்த்து, தட்டில் மெல்ல நீர் ஊற்ற வேண்டும். நீர் ஏறும்போது மணல் சரிந்து படுத்துவிட்டால் அது நல்ல வடிகட்டி. கோட்டைபோல் நிமிர்ந்தே நின்றால் அதில் களி அதிகம். அப்படிப்பட்ட மணலில் ஒரு வெடிப்பு விழுந்தால் தானாக மூடாது. முதலில் வந்த லோடு அப்படித்தான் நின்றது, திருப்பி அனுப்பினோம்.

பழுது பார்க்க ஏரி நீரை இறக்க வேண்டியிருந்ததால், படகு விடுகிறவர்கள், நீச்சல் பழகுகிறவர்கள், தூண்டில்காரர்கள் எல்லோரும் ஒரு பருவத்தையே விட்டுக்கொடுத்தீர்கள். மதகை முழுதாகத் திறந்து ஒரே நாளில் வடித்துவிடலாமே என்று கேட்டவர்களும் விளக்கம் கேட்டதும் பொறுத்துக்கொண்டீர்கள். ஏரி நீர் சட்டென்று இறங்கினால் உட்சரிவின் மண்ணுக்குள் ஊறியிருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. வெளியே தாங்கிப் பிடித்த நீர் போய்விட, கனத்த ஈர மண் ஏரிக்குள் சரியும். அதனால்தான் நாளுக்கு 15 செ.மீ. என்று 12 நாளில் 1.8 மீட்டர் இறக்கினோம். ஊற்று மீண்டும் கலங்கியிருந்தால் கணக்கே வேறாக இருந்திருக்கும்.

மதகுக் குழாய்க்குள் கேமரா அனுப்பிய குழுவினர் நோயின் மூலத்தைக் காட்டினார்கள். இரும்புக் குழாயின் ஒரு மூட்டு துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. குழாயைச் சுற்றிய மண்ணும் இளகிக் கிடந்தது. குழாயின் அடிவயிற்றுப் பக்கம் மண்ணை இடித்து இறுக்கும் கெட்டிப்பு சரியாக ஏறாதது மண் அணைகளின் பழைய நோய். கசிவைத் தடுக்க அந்தக் காலத்தில் குழாயைச் சுற்றி வளையம்போல் போட்ட கான்கிரீட் கழுத்துப்பட்டைகளும் கெட்டிப்புக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தன. பழைய குழாய்க்குள் எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடைவெளி முழுக்க சிமென்ட் கூழ் செலுத்தி அடைத்தார்கள். வெளிமுனைக்கு அருகே குழாயைச் சுற்றி 90 செ.மீ. கனத்தில் மணல் வடிகட்டிச் சுவர் எழுப்பி, அதில் சேரும் நீருக்கு வடிகால் விட்டார்கள்.

வெளிச்சரிவில் நின்ற மரங்களை எடுக்கச் சம்மதித்தவர்களுக்குச் சொல்லும்போது மனம் கனக்கிறது. அந்த நிழல் எங்களுக்கும் பிடித்தமானது. வெட்டிவிட்டு வேரை விட்டால், வேர் மக்கியபின் அந்தத் துளையே நீருக்கு வழியாகும். ஆகவே நீர் இறங்கியிருந்த நாட்களில் பெரிய மரங்களைத் தூரோடு எடுத்து, குழியை 15 செ.மீ. படலம் படலமாக மண் போட்டு இடித்தோம். எலி வளைகளில் நீர்த்த களிமண் கூழை ஊற்றி நிரப்பி, வாயில் மண் வைத்து இறுக்கினோம்.

மீன் தப்பிப் போகாமல், உபரி நீர் வழியும் கலிங்கில் கட்டியிருந்த வலையைத் தூண்டில்காரர்கள் தாங்களாகவே அவிழ்த்துத் தந்ததை மறக்க முடியாது. 1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உடைந்த சவுத் ஃபோர்க் அணையும் செல்வந்தர் சங்கம் ஒன்றின் உல்லாச ஏரியைத்தான் தாங்கி நின்றது. அங்கே நீரை இறக்கும் குழாய்கள் முன்பே கழற்றப்பட்டிருந்தன. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். கலிங்கில் மீனுக்காகப் போட்டிருந்த கம்பி வலையில் மழை வெள்ளம் கொண்டுவந்த குப்பை அடைத்துக்கொண்டது. கீழே ஜான்ஸ்டவுனிலும் சுற்றிலும் 2,209 பேர் இறந்தார்கள். சிறிய ஏரிதானே என்பவர்களுக்கு 1977 நவம்பர் 6 இருக்கிறது. ஜார்ஜியாவின் டொக்கோவா அருகே, மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டுப் பின்னாளில் பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை நள்ளிரவு கடந்து உடைந்ததில் 39 உயிர்கள் போயின.

கரையின் உச்சியை நீள நெடுக அளந்து தந்த மாணவர்கள் கையில் இருந்தது நீர் நிரப்பிய ஒரு ஒளிபுகும் ரப்பர் டியூபும் அளவுகோலும்தான். வண்டித் தடம் விழுந்த இடத்தில் கரை 18 செ.மீ. தாழ்ந்திருந்ததை அதை வைத்தே கண்டுபிடித்தார்கள். வெள்ளம் கரை மீறினால் முதலில் வழியப்போவது அங்கேதான். நிரப்பி, மழைநீர் ஏரிப்பக்கமே வடியும்படி லேசாகச் சாய்த்திருக்கிறோம். கீழ்ப்புறம் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு வீடு தொலைபேசி எண் கொடுத்து, இரவில் எழுப்பினாலும் கோபிக்க மாட்டோம் என்றீர்கள். அந்தப் பட்டியல் மதகறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

கசிவு இப்போதும் இருக்கிறது, வடிகால் வழியாக வருகிறது. அதை அளக்க, ஊற்றைக் கண்ட வாரமே 90 பாகை வி வடிவ வெட்டுள்ள தகடு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள் பட்டறைக்காரர்கள். ஏரி நிறைந்திருந்தபோது வெட்டின் அடிமுனைக்கு மேல் 10 செ.மீ. நீர், அதாவது நொடிக்கு சுமார் 4.4 லிட்டர். இப்போது அதே ஏரிமட்டத்தில் 5 செ.மீ., நொடிக்கு 0.8 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. உயரம் பாதியானால் அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும் என்பதால், ஒரு செ.மீ. ஏறினாலும் உடனே சொல்லுங்கள். வெட்டின் ஓரத்தில் நீர் சரிந்திருக்கும், அங்கே அளக்க வேண்டாம். அரை மீட்டர் பின்னால் நட்ட அளவுகோலில் பாருங்கள்.

தினமும் விடியலில் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக நன்றி. ஏரிமட்டம், மழையளவு, வெட்டில் நீரின் உயரம், நீரின் நிறம் என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தில் இந்த வாரம் ஏழு நாளும் ‘தெளிவு’ என்று எழுதியிருக்கிறீர்கள்.