கற்றாழையைக் கெடுப்பது வெயிலல்ல, தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிய சோற்றுக்கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கிறது. அதே வீட்டுத் தொட்டியில் நட்டது அழுகிப்போகிறது. திருநெல்வேலி வெயிலுக்குப் பயந்து தினமும் ஒரு செம்பு ஊற்றுவதுதான் காரணம். கற்றாழை இலைத்துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறக்கும். வெயிலில் அது இழக்கும் நீர் மிகக் குறைவு. வேரடியில் ஈரம் தேங்கினால்தான் காற்றில்லாமல் வேர் செத்து, பூஞ்சாணம் பிடிக்கிறது.

அடுத்த தவறு மண். ஆற்றங்கரை வண்டலோ சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலோ தனியாக ஆகாது, ஈரத்தை விடாது. செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு போதும். ஆற்றுமணல் கிடைக்கவில்லையென்று, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை அப்படியே கலக்காதீர்கள். அதிலுள்ள மாவுத்தூள் இறுகி வடிகாலை அடைத்துவிடும். சலித்து, சல்லடையில் நிற்பதை மட்டும் எடுங்கள். உடைத்த செங்கல் துண்டும் நல்லது. அடியில் துளையுள்ள 8 அங்குல மண்தொட்டி சரியாக இருக்கும். தென்னைநார்க் கழிவில் வளர்த்த கன்றானால், வேரைச் சுற்றியுள்ள கட்டியை உதிர்த்துவிட்டே நட வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் தட்டாதபோது மட்டும் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். தென்காசிப் பக்கத்தில் ஆனி, ஆடிச் சாரலிலும் அப்படித்தான்.

இலை மெலிந்து ஓரம் உட்பக்கம் சுருண்டால் தாகம். அடி இலை நீர்கோத்து, அழுத்தினால் கொழகொழவென்றிருந்தால் அழுகல். இரண்டிலும் செடி சாய்வதால்தான் மறுபடியும் தண்ணீரை ஊற்றிக் கெடுக்கிறார்கள். அழுகினால் பிடுங்கி, கெட்ட வேரை முழுக்க அறுத்து, நிழலில் 3 நாள் காயவிட்டு உலர்ந்த மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. வெட்டுவாய் ஆறாமல் நனைந்தால் அங்கேயே மீண்டும் அழுகும்.

இலையிடுக்கில் மாவுப்பூச்சி வந்தால், 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக்கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கன்று விற்கும் நர்சரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோஜாவுக்கும் கற்றாழைக்கும் சேர்த்து "தினம் தண்ணி விடுங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கற்றாழை வாங்குபவரிடம், மண் காய்ந்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை