"மறந்துவிடுங்கள்" என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை போலிச் சோதிடர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். "ஏமாந்தவர்கள் இதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு மறந்துவிடுவதே நல்லது. தோட்டப்புறத்து அறியாமை இருக்கும்வரை இது நடக்கத்தான் செய்யும்" என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் பசியாறிக்கொண்டிருந்த எனக்கு அதற்கப்புறம் ஒரு வாய் இறங்கவில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்தோம். பிறகு இருபது வருடம் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தேன். எங்கள் வீட்டுக்கு முப்பது வருடமாக உங்கள் பத்திரிகைதான் வருகிறது. என்னை ஏமாற்றிய நாடி சோதிடரின் (பெருவிரல் ரேகையை வைத்துப் பழைய ஓலையில் பலன் படிப்பவர்) விளம்பரத்தையும் உங்கள் பத்திரிகையில்தான் பார்த்தேன். அரைப் பக்கம், கலர்ப் படம். பத்திரிகையில் போட்டிருக்கிறார்களே, விசாரித்துத்தானே போட்டிருப்பார்கள் என்று நம்பினேன். இதில் எது அறியாமை என்று எனக்குப் புரியவில்லை. அவர் சோதிடம் பார்த்த ஓட்டல் அறை வாசலில் அன்று எனக்கு முன்னால் காத்திருந்தவர் பேங்கில் வேலை செய்பவர். அவருக்கு அடுத்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. தோட்டத்து ஆள் நான் ஒருத்திதான்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் நான்கு பேருக்கு உதவும். பெண் என்பதால் இடது கைப் பெருவிரல் ரேகையை எடுத்துக்கொண்டார்கள். போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, "ஓலை தேட வேண்டும், சாயங்காலம் வாருங்கள்" என்றார்கள். சாயங்காலம் ஒருவர் கட்டு ஓலையைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதுமாம். தாயார் பேர் பூவின் பேரா? இல்லை. அம்மன் பேரா? ஆமாம். நான்கெழுத்தா? ஆமாம். மதுரையோடு சம்பந்தம் உண்டா? ஆமாம். இப்படியே முக்கால் மணி நேரம். இல்லை என்று சொன்ன ஓலையெல்லாம் ஒதுங்கிப் போனது. கடைசியில் ஓர் ஓலையை எடுத்து, "தாய் மீனாட்சி, கணவன் காலமானவன்" என்று பாட்டாகவே படித்தார். நான் அழுதுவிட்டேன். அந்தப் பேரை நானேதான் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தேன் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. என் கணவர் "உடம்பில் நீர் கெட்டுப் போனார்" என்றும் சொன்னார்கள். அறுபது வயதில் இறந்துபோன எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இனிப்பு நீரோ (சர்க்கரை நோய்) கிட்னிக் கோளாறோ இல்லாமல் இருந்தது?

பார்ப்பதற்கு 250 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அது மட்டும் போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அப்புறம் சாந்தி காண்டம் என்றார்கள், அதுதான் பரிகாரம் சொல்லும் பகுதி. என் கணவரின் ஆத்மா சாந்தியடையவில்லை, தமிழ்நாட்டில் என் பேரில் 48 நாள் பூசை செய்ய வேண்டும் என்று 4,800 வெள்ளி. பிறகு மகனுக்குக் கண்டம் என்று 1,350. மூன்றாவது முறை கேட்டபோது என்னிடம் இல்லை என்றேன். "பாதியில் நிறுத்தினால் சாமி குத்தம், உன் பிள்ளை ரோட்டில் கிடப்பான்" என்று வாட்சாப்பில் குரல் அனுப்பினார்கள். என் மகன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். அவன் வீடு திரும்பும்வரை வாசலிலேயே நின்ற இரவுகள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

இதற்கு மேல் ஒரு தப்பு செய்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், அவர்கள் போட்ட மந்திரக்கட்டை அவிழ்க்கிறேன் என்ற இன்னோர் ஆளிடம் போனேன். அங்கே 700. மொத்தம் 7,100 வெள்ளி. சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 என்னும்போது நான்கு மாத உழைப்புக்கு மேல். ஒருமுறை ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது ஆள் வருவான், இதை உங்கள் கட்டுரை சொல்லவேயில்லை. பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவனும் அதே கூட்டம்தான்.

என் அண்ணன் மகன் வக்கீல். அவனிடம் சொன்ன பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. பணம் அனுப்பியது தெரிந்த உடனே பேங்குக்கும் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டுமாம். அது தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண், அந்த மையம் 2022-இலேயே வந்துவிட்டது. பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. கடைசியாகப் பணம் அனுப்பி ஐந்து வாரம் கழித்துச் சொன்ன எனக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. ஏமாற்றுவது தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவில் வருகிறது, 1 வருடத்திலிருந்து 10 வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. சாமி கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்யவைப்பதற்கே தனியாக 508-ஆவது பிரிவு இருக்கிறதாம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாளும் அந்தக் குரலைத் தெய்வக் குற்றம் என்று பயந்து அழிக்கப் பார்த்தேனே! குரல் பதிவு, பணம் அனுப்பிய ரசீது, விளம்பரம் எதையும் அழிக்கக்கூடாது. அதுதான் சாட்சி.

பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) முதலில் இருந்தவர் சிரித்தார். "சாமிக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாயா" என்றார். அண்ணன் மகன் கூட இருந்ததால் ரிப்போர்ட் எழுதினார்கள். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் நான் பணம் போட்ட கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தோம். எனக்கு முன்னாலேயே அதன்மேல் புகார்கள் இருந்தன. ஐயா, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் மறக்காமல் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள். பணம் போடுவதற்கு முன்னால் நான் பார்த்திருந்தால் அவர்கள் என்னைக் காப்பாற்றியிருப்பார்கள். உங்கள் கட்டுரை சொன்னபடி அவர்களும் மறந்திருந்தால்? நான் மறந்தால் எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு யார்?

எனக்குச் சாமி நம்பிக்கை போய்விடவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை முனீஸ்வரருக்கு விளக்கு வைக்கிறேன், நல்ல நேரம் பார்த்துத்தான் பேத்திக்குக் காது குத்தினோம். அதனால் மூடநம்பிக்கைக்காரி என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது நாற்பது குடும்பம் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். வரவில்லை. என் கணவரின் முதலாண்டு நினைவஞ்சலிக்குப் பணம் கட்டினேன், வேறு யாருடைய படத்தையோ போட்டுவிட்டீர்கள். போன் செய்தபோது அடுத்த வாரம் திருத்துகிறோம் என்றார்கள். ஆறு வருடம் ஆகிறது. சோதிடரின் விளம்பரத்தில் மட்டும் ஒருநாளும் படம் மாறவில்லை. நாங்கள் உங்களை வீட்டு மனிதர்களாக நினைத்துதான் காலையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

விளம்பரமே போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? பத்திரிகை நடத்தும் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். அந்த விளம்பரங்கள் வரும் பக்கத்தின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு 997 என்ற எண்ணையும், "முன்பணம் அனுப்புமுன் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள்" என்ற ஒரு வரியையும் தினமும் போடுங்கள். அது போதும். பெயரை வெளியிட வேண்டாம், மருமகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

உங்கள் பத்திரிகையில் வந்த அந்த விளம்பரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இது நகல். அசல் போலீசிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
பாடாங் செராய், கெடா.