சுமிக்கு, மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு

அன்புள்ள சுமி,

உங்கள் விலங்குப் பயிற்சியாளர்கள் மாநாட்டுக்குப் போய்வந்துவிட்டேன். நீ டிக்கெட் போட்டுக் கொடுத்ததை வீணாக்க மனசு வரவில்லை. அப்பா வரவில்லை, முதுகுவலி என்று சொல்லச் சொன்னார், உண்மையான காரணம் உனக்கே தெரியும். உள்ளே நுழைந்ததும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். யாரோ ஒருவரிடம் நான் சுமியின் அம்மா என்று சொன்னேன், அவ்வளவுதான், அப்புறம் உட்கார நாற்காலி வருகிறது, தண்ணீர் வருகிறது, உன்னிடம்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன் என்று ஒரு பையன் வந்து நிற்கிறான். அங்கே உனக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? உன் அண்ணன் அவனுடைய ஆபீஸில் நாற்காலியை மாற்றிக் கொடுத்தால்கூட போட்டோ அனுப்புகிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு. கனமாக எதையும் தூக்காதே, கொஞ்ச நாளைக்காவது.

அந்த அரங்கத்தில் எத்தனை நாய்கள் என்கிறாய், ஒன்றுகூடக் குரைக்கவில்லை. அதது தன் பாயில் படுத்திருந்தது. பயந்துபோய் அடங்கிய மாதிரியும் இல்லை, ஒன்று மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நம் செல்லா ஞாபகம்தான். நகவெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளே, அவளுக்காகவாவது நாலு விஷயம் தெரிந்துகொண்டு வரலாம் என்று முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் உட்கார்ந்ததற்குப் பலன் கிடைத்தது. விலங்காக நடிக்க ஒருவர் வேண்டும் என்று கேட்டு, என்னையே எழுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரிந்த விளையாட்டுதான். என்னை வெளியே அனுப்பிவிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். உள்ளே வந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சரியான திசையில் அசைந்தால் கிளிக்கர் என்கிற சின்னக் கருவியில் ஒரு ‘கிளிக்’, உடனே கையில் ஒரு மிட்டாய். நாற்காலிப் பக்கம் நடந்தேன், கிளிக். இன்னும் கிட்டே போனேன், கிளிக். கையைத் தூக்கினேன், கிளிக். அடடா, பிடித்துவிட்டோம் என்று மறுபடியும் தூக்கினேன், சத்தமே இல்லை. இன்னும் உயரத் தூக்கினேன், இல்லை. இரண்டு கையையும் தூக்கிப் பேருந்தை நிறுத்துகிற மாதிரி ஆட்டினேன், சபையே சிரிக்கிறது, எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. கடைசியில் பார்த்தால் அந்த நாற்காலியின் முதுகில் உள்ளங்கையை வைக்க வேண்டுமாம், இதைச் சொன்னால் நான் வைத்திருக்க மாட்டேனா! விளையாட்டை நடத்திய அம்மாள் என்னைப் பார்த்து, தப்பு உங்கள் பேரில் இல்லை, ஒரே நேரத்தில் நாங்கள் அதிகமாக எதிர்பார்த்துவிட்டோம், விலங்கு திணறினால் படியைச் சின்னதாக்க வேண்டியது பயிற்சி கொடுக்கிறவர் வேலை என்றார். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், எந்தத் தலைமை நர்ஸும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

அதுவரை பலன் கொடுத்த ஒன்று திடீரென்று பலன் தராமல் போனால், விலங்கு அதை உடனே விட்டுவிடாதாம். முதலில் அதையே இன்னும் பலமாக, இன்னும் அடிக்கடி செய்து பார்க்குமாம், அப்புறம்தான் மெல்ல ஓயுமாம். அதுவும் எப்போதாவது ஒரு தடவை பலன் கிடைத்து, மற்ற தடவையெல்லாம் கிடைக்காமல் போகிற பழக்கம் இருக்கிறதே, அது லேசில் மறையவே மறையாதாம், சூதாடுகிறவன் இடத்தைவிட்டு எழுந்திருக்காததும் அதனால்தானாம். ஆகவே, நீ போனை ஒரு தடவை எடுத்து அடுத்த பத்துத் தடவை எடுக்காமல் விட்டால் நான் என்ன செய்வேன் என்பது உன் படிப்பிலேயே இருக்கிறது. அம்மா ஓயாமல் கூப்பிடுகிறாள் என்று அண்ணனிடம் குறை சொல்லி ஒன்றும் ஆகாது.

அங்கே கேட்ட ஓநாய் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். நாய்க்கு எஜமான் யார் என்று முதலில் காட்டிவிட வேண்டும் என்று நம் பழைய நாய் மணி காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அந்த நினைப்புக்கு ஆதாரமே கூண்டு ஓநாய்கள்தானாம். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷென்கல் என்பவர் 1947-இல் எழுதியதை டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளர் தன் 1970 புத்தகத்தில் எடுத்துச் சொல்லி ஊரெல்லாம் பரப்ப, அதே மெக் பிறகு காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துவிட்டு, அதெல்லாம் அப்படி இல்லை, கூட்டம் என்பது அம்மா, அப்பா, அவர்கள் பெற்ற குட்டிகள்தான் என்று 1999-இல் எழுதினாராம். அப்பா பேப்பரை மடக்காமலேயே கேட்டுக்கொண்டார். குட்டிகள் வளர்ந்ததும் தனியே பிரிந்து போய்விடும் என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். ஓநாய்களுக்கு போன் கிடையாது, அது வேறு விஷயம்.

டால்பின் கதையும் சொன்னார்கள். நீந்திப் போகிற பிராணிக்குச் சங்கிலி போட முடியாது, அடிக்கவும் முடியாது, ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் என்ற பெண்மணி, இதுவரை செய்யாத புதுசாக ஏதாவது செய்தால்தான் மீன் என்று வைத்தாராம், அந்த டால்பின்கள் இவர்கள் யாரும் கண்டிராத தாவலெல்லாம் தாவிக் காட்டினவாம். உனக்கு இது பால பாடம், எனக்குப் புதுசு. நீ அந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தபோது நாய்க்கு உட்காரச் சொல்லிக் கொடுக்க ஒரு படிப்பா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், நம் வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களையெல்லாம் அங்கே கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும்.

மத்தியானம் நீ பேசுவதாக அச்சடித்திருந்த நேரத்தில் வேறு ஒருவர் மேடையேறினார். சரி, ஏதோ மாற்றம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். நல்ல மனிதர், இது சுமியின் வேலை, நான் வாசிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். உன் வீடியோவைப் போட்டார்கள். மடித்து வைத்த துண்டின்மேல் அந்தப் பழுப்பு நாய் தானாக வந்து தாடையை வைக்கிறது. நீ முன்காலைத் தொடுகிறாய், நரம்பைத் தேடுகிறாய், ஊசியை அருகில் கொண்டு வருகிறாய். அது தாடையைத் தூக்கினால் உன் கை உடனே பின்னால் போய்விடுகிறது. திட்டு இல்லை, பிடித்து அமுக்குவது இல்லை, அது திரும்ப வந்து தாடையை வைக்கிற வரைக்கும் நீ காத்துக்கொண்டிருக்கிறாய். கடைசியில் அது அசையாமல் ரத்தம் எடுக்க விடுகிறது. குழந்தைகளுக்கு நாலு பேர் கையைக் காலைப் பிடித்து ஊசி போட்ட எனக்கு இதைப் பார்த்தபோது என்னென்னவோ தோன்றியது. திரை பெரியது, உன் கை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது, விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ பழசு, அது எனக்குத் தெரியும்.

வெளியே வரும்போது ஜடை போட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, சுமிக்கு இப்போது கை எப்படி இருக்கிறது அம்மா என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொன்னேன். கட்டு பிரித்தாயிற்றா என்றாள். பிரித்தாயிற்று என்றேன். நாயா பூனையா, வலதா இடதா, எதுவும் நான் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

இனி எழுதுவது பொதுவாக எழுதுவது. உன் தொழிலில் இருக்கிற யாருக்கும் உதவும், நான் அவசர சிகிச்சைப் பிரிவில் கண்ணால் பார்த்தது. பூனை கடித்தால் மேலே சின்னத் துளைதான் இருக்கும், ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் பல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிட்டு வந்துவிடும், நாய்க்கடியைவிட அதுதான் அதிகமாகச் சீழ் பிடிக்கும். நாய் கடித்தால் சதை நசுங்கும். எதுவானாலும் கையில் பட்டால் அலட்சியம் கூடாது, தோலுக்கு அடியிலேயே தசைநாரும் மூட்டும் இருக்கின்றன. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும். வெறிநோய் இருக்கிற இடமானால், முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் கடிபட்ட அன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், அதான் முன்பே போட்டாயிற்றே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. விரல் முழுக்க வீங்கி, பாதி மடங்கினாற்போல் நின்று, லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. விறைப்பு இருந்தால் பிசியோதெரபி. மாத்திரையை வலி போனதும் நிறுத்தக் கூடாது, நீ எப்போதும் நிறுத்திவிடுவாய். கையைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், எழுதிவிட்டேனா, பரவாயில்லை.

உறுமலைப் பற்றி ஒருவர் பேசினார். நாய் எடுத்த எடுப்பில் கடிக்காதாம், முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், வெள்ளைவிழி தெரியப் பார்க்கும், உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும். உறுமினதற்கு அடித்தால் அடுத்த தடவை உறுமாது, ஆனால் பயம் அப்படியே உள்ளே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிடும். உறுமுகிற நாய் நமக்கு உபகாரம் செய்கிறது என்றார். நீ சின்ன வயதிலிருந்தே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை பெயர்ந்ததை ராத்திரி சட்டை மாற்றும்போதுதான் நான் பார்த்தேன். உன் பெரியப்பாவும் அப்படித்தான், கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தார், அது நல்ல குணம் என்று நம் வீட்டில் எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

உன் பெயர் அச்சடித்த அந்த நிகழ்ச்சி நிரலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தால் எனக்குத் தாங்காது. நீ கெட்டிக்காரி, ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு, உடம்பு வேறு. பழைய நாயானாலும் பழக்கமான பூனையானாலும் கிட்டே போகும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

செல்லாவுக்கு அந்தத் துண்டுப் பயிற்சியை ஆரம்பித்திருக்கிறேன். துண்டைக் கண்டாலே ஓடி வருகிறாள், தாடையை வைக்காமல் துண்டைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறாள். எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை. கிளிக்கரை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், தீனியை எந்தக் கையால் கொடுக்க வேண்டும் என்று நீயே செய்து காட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தலையணையை வைத்துச் செய். நல்ல வெளிச்சத்தில் எடு. இரண்டு கையும் தெரியட்டும், கையுறை வேண்டாம், விரலை நீட்டி மடக்குவதெல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் புரியாது. அப்பா கேட்டால் செல்லாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா