மெல்லிய கருவியிலிருந்து தொடங்க வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. எங்கள் குழுவின் பழைய ஒத்திகைப் பதிவுகளை மீண்டும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் உன் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதால் தாமதமாகிவிட்டது. ஐந்து பேர் சேர்ந்து ஓராண்டாக வாசித்து வருகிறீர்கள், தனித்தனியாக வாசிக்கும்போது எல்லோரும் நன்றாகவே வாசிக்கிறீர்கள், சேர்ந்தால் மட்டும் பாட்டு கூடிவரவில்லை என்று எழுதியிருந்தாய். உன் புல்லாங்குழல் சுருதி சேரவில்லை என்று கீபோர்டு வாசிப்பவர் இரண்டு முறை சொல்லிவிட்டதாகவும், பேசாமல் விலகிக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்ததைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. விலகாதே. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் குறை உன் குழலில் இல்லை. குழுவை எந்தக் கருவியிலிருந்து கட்டத் தொடங்கினீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் சுருதியைப் பற்றிச் சொல்கிறேன். மூங்கில் குழலின் சுருதி, மூங்கிலை அறுத்துத் துளையிட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. உதட்டின் கோணத்தை மாற்றியும் ஊதும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தும் கொஞ்சம் ஏற்றி இறக்கலாமே தவிர, ஒரு பாட்டு முழுவதும் அப்படி இழுத்துப் பிடித்து வாசித்தால் நாதம் மெலிந்துவிடும். கீபோர்டு அப்படியில்லை. அது ஆலையிலிருந்து வரும்போது ஏ என்னும் ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வுகளாக வைக்கப்பட்டிருக்கும். ஆனால் அநேகமாக எல்லாக் கீபோர்டுகளிலும் அதை நுட்பமாக ஏற்றவும் இறக்கவும் டியூனிங் என்ற அமைப்பு இருக்கிறது. அந்த 440 என்பதும் இயற்கை விதித்த எண் அன்று. 1859-இல் பிரான்சு 435 என்று சட்டம் செய்தது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று பரிந்துரைத்தது. பலரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதற்காக மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு அது. உங்கள் ஐந்து பேருக்குள்ளும் அப்படி ஓர் உடன்பாடு செய்துகொள்வதில் எந்தத் தடையும் இல்லை. கிட்டாரின் ஆறு கம்பிகளையும் முறுக்கலாம், கீபோர்டைப் பொத்தானில் மாற்றலாம், பாடகர் எதற்கும் இணங்கிவிடுவார். அசைய முடியாதது உன் குழல் ஒன்றுதான். ஆகவே மற்றவை எல்லாம் உன் குழலிடம் வர வேண்டும்.

அடுத்த முறை கூடும்போது இதைச் செய்து பார். நீ ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊது. கீபோர்டில் அதே ஸ்வரத்தை அழுத்திப் பிடிக்கச் சொல். இரண்டும் மிக நெருங்கியும் ஒன்றாகாமல் இருந்தால் ஒலி அலைபோல எழுந்து எழுந்து தாழும். ஒன்று 440, மற்றொன்று 443 என்றால் அந்த அலைவு நொடிக்கு மூன்று முறை கேட்கும். டியூனிங்கைச் சிறிது சிறிதாக நகர்த்த நகர்த்த அலைவு மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றுபோகும். அந்த நொடியில் அறையில் இருக்கும் அனைவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் குழுவில் அதை முதன்முதலாகக் கேட்ட நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் உன் பக்கமும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குளிர்ந்த குழலில் சுருதி சேர்க்கக் கூடாது. குழலுக்குள் இருக்கும் காற்று சூடாகச் சூடாக ஒலியின் வேகம் டிகிரி செல்சியஸ் ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது; அரை ஸ்வர இடைவெளியை நூறு பங்காக வைத்துக்கொண்டால், டிகிரிக்கு மூன்று பங்கு வீதம் குழலின் சுருதி ஏறும் என்பது இதன் பொருள். அதே அறை சூடாகும்போது கிட்டாரின் எஃகுக் கம்பிகள் நீண்டு தளர்ந்து சுருதி இறங்கும். ஒத்திகையின் முதல் பாட்டில் ஒன்றாக இருந்த இரண்டு கருவிகள் நான்காவது பாட்டில் எதிரெதிர்த் திசையில் விலகிப் போயிருப்பதற்கு இதுவே காரணம், எவருடைய கவனக்குறைவும் அன்று. எல்லாத் துளைகளையும் மூடிக்கொண்டு, சத்தம் வராமல், சில நிமிடங்கள் வெதுவெதுப்பான மூச்சைக் குழலுக்குள் செலுத்திவிட்டுப் பிறகு சுருதி சேர். நடுவில் ஒருமுறை எல்லோரும் நிறுத்திவிட்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் வாசிக்கும் உங்கள் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவற்றை நானே பல ஆண்டுகள் செய்தேன். ஈ மேஜர் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு ஒன்றை, பிடித்தால் மூன்றாம் கம்பி சற்று ஏறி ஒலிப்பதுபோல் காதுக்குத் தோன்றும். உடனே அந்தக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஈ மேஜர் தேனாக இனிக்கும். அடுத்து சி மேஜருக்குப் போனால் அதே கம்பி கீழே தொங்கும். பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பங்கிட்டு, விரல் வைக்கும் இடங்களைக் குறிக்கும் உலோகப் பட்டைகளான ஃபிரெட் அடித்த கருவியில், காது விரும்பும் இயற்கையான காந்தாரத்தைவிட, அதாவது கார்டின் மூன்றாம் ஸ்வரத்தைவிட, அந்த இடத்து ஸ்வரம் அரை ஸ்வர இடைவெளியில் நூற்றில் பதினான்கு பங்கு உயரத்தில்தான் அமையும். அது கருவியின் இயல்பு. ஒரு கார்டுக்காகக் கம்பியை மாற்றாமல் டியூனர் காட்டும் இடத்தில் விட்டுவிட வேண்டும். இன்னொன்று, முறுக்கும்போது கம்பி அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று டிங் என்று குதித்தால், தலைப்பக்கத்தில் கம்பி படியும் சிறு வெட்டில் அது சிக்குகிறது என்று அர்த்தம். கம்பியைத் தூக்கிவிட்டு அந்த வெட்டுக்குள் கூரான பென்சிலால் நான்கு முறை தேய்த்தால் போதும். பென்சில் கரி வழுக்கலாக இருந்து கம்பியை நகரவிடும். சுருதியை எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றி நிறுத்தச் சொல். மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் ஒரே பாட்டில் நழுவிவிடும். விலை உயர்ந்த புதிய கிட்டார் வாங்கலாமா என்று அவர் கேட்பதாக எழுதியிருந்தாய். இருப்பதையே கிட்டார் பழுதுபார்க்கும் நல்ல கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்து, கம்பியின் உயரத்தையும் கம்பிகளைத் தாங்கும் பாலத்தையும் சரிபார்த்து வாங்கினால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழு தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு சிறிய அரங்கில் வாசித்தோம். மேடையில் நின்றபோது எங்களுக்கு அது மிகச் சிறப்பாக அமைந்ததாகத் தோன்றியது. மறுநாள் அரங்கின் கடைசி வரிசையில் வைத்திருந்த கைபேசியின் பதிவைக் கேட்டோம். முதல் பாட்டில் பாடகியின் சொற்கள் பாதி கேட்டன. மூன்றாம் பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டபோது நடந்தது தெளிவாகத் தெரிந்தது. டிரம்ஸ் சற்று ஓங்கியது, அதில் என் கிட்டார் எனக்குக் கேட்காததால் நான் ஆம்ப்ளிஃபயரைத் திருகினேன், அதைக் கேட்டுக் கீபோர்டு ஏறியது, எல்லாவற்றுக்கும் மேலே போக டிரம்ஸ் இன்னும் ஓங்கியது. எவரும் மற்றவரை அமுக்க நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள மட்டுமே விரும்பினோம். அதற்குள் கூட்டிக்கொள்ள எந்தத் திருகும் இல்லாத ஒரே கருவியான குரல் மூழ்கிப்போனது. பாடகி அன்று எங்களிடம் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். ஒத்திகையின் முதல் பாட்டை மைக் இல்லாமல், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், வட்டமாக உட்கார்ந்து வாசிப்போம். பாடகி பேசுவதுபோல் இயல்பாகப் பாடுவார். அவருடைய ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் கேட்கும் அளவுக்கு மற்றவர்கள் அடங்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவருக்குத்தான் இது மிகவும் கடினமாக இருந்தது, ஏனென்றால் குச்சியால் மெதுவாக அடித்துக்கொண்டே காலம் பிசகாமல் இருப்பது ஓங்கி அடிப்பதைவிடப் பெரிய வித்தை. அவர் முதலில் குச்சிகளுக்குப் பதில் பிரஷ் எடுத்தார். பிறகு சில பாட்டுகளுக்கு, பெரு நாட்டில் பிறந்த கஹோன் என்னும் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கைகளால் வாசிக்கத் தொடங்கினார். ஆறு மாதத்தில் அவருடைய கையில் வந்த நுட்பத்தைக் கண்டு நாங்கள் வியந்தோம். குழுவின் ஒலி அளவை முடிவுசெய்யும் உரிமை அதன் மிக மெல்லிய கருவிக்கே உண்டு என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். உங்கள் குழுவில் அந்த மெல்லிய கருவி உன் குழல். அதன் கீழ் ஸ்தாயி, டிரம்ஸும் கீபோர்டும் முழங்கும் அறையில் உனக்கே கேட்காது. கேட்காததால் நீ அழுத்தி ஊதுகிறாய், அழுத்தி ஊதுவதால் சுருதி ஏறுகிறது, ஏறியதும் சுருதி சேரவில்லை என்கிறார்கள். சுருதிக் குறையாகத் தெரிவதில் பாதி இந்தச் சத்தக் குறைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காதின் நலனுக்காகவும் இதைச் சொல்ல வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மூடிய சிறிய அறையில் குச்சியால் ஓங்கி அடிக்கும் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் எட்டிவிடும், நீங்களோ மூன்று மணி நேரம் வாசிக்கிறீர்கள்.

கீபோர்டு வாசிப்பவரிடம் நீ மனம்விட்டுப் பேச வேண்டும். தனியாக வாசித்துப் பழகியவர்கள் இடது கையால் கீழ் ஸ்வரங்களையும் வலது கையால் மெட்டையும் வாசித்து ஒரு பாட்டை முழுதாக நிரப்பப் பழகியிருப்பார்கள். அவர்கள் குழுவுக்குள் வந்தால் பேஸ் கிட்டாருக்கும் இடமிருக்காது, குழலுக்கும் இடமிருக்காது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கச் சொல். எங்கள் கீபோர்டுக்காரர் முதலில் இதை அவமானமாக எடுத்துக்கொண்டார். பதிவைக் கேட்டபின் தாமாகவே இரண்டாம் சரணம் முழுவதும் வாசிக்காமல் இருக்கத் தொடங்கினார். அவர் மூன்றாம் சரணத்தில் உள்ளே வரும்போது பாட்டு அகன்று விரிவதை இப்போது எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்.

காலப்பிரமாணத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, நீயே கவனித்திருக்கிறாய். எங்கள் பதிவுகளில் சீரான தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு 92 தட்டுகள் என்று தொடங்கிய பாட்டு 104-இல் முடிந்திருந்தது, ஏற்றம் ஒவ்வொரு முறையும் ஓங்கி வாசித்த இடத்தில்தான் நிகழ்ந்திருந்தது. சத்தம் அடங்கியதும் ஓட்டமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நெருங்கி உட்காருவதும் உதவும்: ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் செல்கிறது, பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் தாளம் ஒரு நொடியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு தாமதித்தே வந்து சேரும்.

ஆட்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். மிக நன்றாக வாசிக்கும், ஆனால் மூன்று ஒத்திகைக்கு ஒரு முறை வராத அந்த வயலின்காரரைச் சேர்க்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். நம்மைப் போல் வேலையையும் வீட்டையும் கவனித்த பிறகு மிஞ்சும் நேரத்தில் வாசிப்பவர்களுக்கு வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் சொத்து. சுமாராக வாசித்தாலும் நேரத்துக்கு வந்து, தன் பகுதியை வீட்டிலேயே பாடம் செய்து, பிறர் வாசிக்கும்போது முகம் பார்த்துக் கேட்பவர் ஓராண்டில் நன்றாக வாசிக்கத் தொடங்கிவிடுவார். எங்கள் குழுவில் இருவர் அப்படித்தான் வளர்ந்தார்கள். பாட்டுகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். இருபது பாட்டுகளை அரைகுறையாக வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஐந்தை எடுத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யார் எங்கே வாசிக்காமல் இருப்பது என்பது வரை முடிவுசெய்யுங்கள். பாடுபவருக்கு எந்தக் கட்டை, அதாவது எந்த ஆதார சுருதி, வசதியோ அதையே முதலில் கேளுங்கள். கிட்டாருக்குக் கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற கிளிப் இருக்கிறது, உனக்கு வேறு கட்டைக் குழல்கள் இருக்கின்றன, அவருக்கோ ஒரே தொண்டைதான்.

அடுத்த ஒத்திகையில் முதல் பாட்டை மைக் இல்லாமல் வாசித்து, கைபேசியை அறையின் தூர மூலையில் வைத்துப் பதிவுசெய்து எனக்கு அனுப்பு. கீபோர்டின் டியூனிங்கை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதையும் மறக்காமல் எழுது. உன்னுடைய அந்தப் பழைய ஐந்து கட்டைக் குழல் சற்று ஏறி ஒலிக்கும் என்பது என் நினைவு, அது சரிதானா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்