எச்சிங்குக்கு ஒரே அசல் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லரின் ‘நாக்டர்ன்’ என்ற வெனிஸ் எச்சிங்கைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஒரு செப்புத்தகட்டு அச்சுப் படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கடைசிப் பத்தியில், இதன் அசல் வாஷிங்டனில் ஃப்ரியர் கலைக்கூடத்தில் இருக்கிறது, மற்ற அருங்காட்சியகங்களில் இருப்பவை நகல்கள் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். வேறு படமாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இந்தப் படத்துக்கு அந்த ஒரு வரி பொருந்தவே பொருந்தாது.

நான் சிவகாசியில் படம் அச்சடிக்கும் பிளாக் செய்து பிழைத்தவன். ஆஃப்செட் வந்து எங்கள் பட்டறைகளை மூடும்வரை துத்தநாகத் தகடும் நைட்ரிக் ஆசிட் தொட்டியும்தான் என் உலகம். எங்கள் பிளாக்கில் மேடாக நிற்கும் இடம்தான் மை பிடிக்கும். பள்ளம் வெள்ளையாக விழும். அதனால் வேண்டாத இடத்தை ஆசிட்டுக்குக் கொடுப்போம். எச்சிங்காரர்கள் செய்வது நேர் எதிர்: வேண்டிய கோட்டைத்தான் ஆசிட்டுக்குக் கொடுக்கிறார்கள். செப்புத்தகட்டில் மெழுகுப் பூச்சு. அதில் ஊசியால் கீறினால் கோடு போன வழியில் மட்டும் செம்பு வெளியே தெரியும், அங்கே மட்டும் ஆசிட் தின்னும். பிறகு பூச்சைக் கழுவிவிட்டுத் தகடு முழுக்க மை அப்பித் துணியால் துடைப்பார்கள். மேலே உள்ள மை போய்விடும், கோட்டுக்குள் இருப்பது தங்கும். ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து உருளையில் கொடுத்து இழுத்தால், காகிதம் அந்தக் கோட்டுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும்.

இதில் ‘நாக்டர்ன்’ எங்கே வேறுபடுகிறது என்றால், துடைப்பதில். அந்தத் தகட்டில் விஸ்லர் கீறியது கொஞ்சம்தான். பாய்மரக் கப்பல், படகு, தொலைவில் தேவாலயம், தண்ணீரில் சில கோடுகள். வானமோ இருட்டோ தகட்டில் கிடையாது. அவற்றை ஒவ்வொரு தடவையும் மையைக் கூட்டியும் குறைத்தும் துடைத்து, அடிக்கும்போதே உண்டாக்கினார். ஒரு தாளில் விடியப்போகிற நேரம் மாதிரி இருக்கும். இன்னொரு தாளில் கப்பலையே கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். எங்கள் தொழிலில் ஐயாயிரம் காலண்டர் அடித்தால் ஐயாயிரத்திலும் முருகன் வேல் ஒரே மஞ்சளில் வர வேண்டும். ஒரு கட்டு மங்கினாலும் பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி வேலை பார்த்த எனக்கு, ஒரு தகட்டை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தாளுக்குத் தாள் மாற்றி அடித்த மனிதரைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நாளானது. புரிந்த பிறகு, அதில் எது அசல் எது நகல் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் கையால் இழுத்த ஒவ்வொரு தாளும் அசல்தான்.

அடுத்தது, இந்தப் படம் முதலில் வைக்கப்பட்ட 1880 லண்டன் கண்காட்சி அமோக வரவேற்பு பெற்றதாகக் கட்டுரையில் இருக்கிறது. நடந்தது அப்படியல்ல. விமர்சகர் ரஸ்கின் மீது விஸ்லர் போட்ட மான நஷ்ட வழக்கு 1878-ல் தீர்ப்பாகி, நஷ்ட ஈடாக ஒரு ஃபார்திங், அதாவது அன்றைய கால் பென்னி, கிடைத்தது. வழக்குச் செலவும் பழைய கடனும் சேர்ந்து 1879-ல் அவர் திவாலானார். அப்போது லண்டன் நியூ பாண்ட் தெருவிலிருந்த ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கலைக்கூடம், வெனிஸுக்குப் போய் 12 தகடுகள் செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பியது. செப்டம்பரில் போனவர் டிசம்பருக்குள் திரும்ப வேண்டும். திரும்பியதோ மறு வருடம் நவம்பரில்! தகடுகள் மட்டும் ஐம்பதை ஒட்டி, போதாததற்குப் பேஸ்டல் ஓவியங்கள் வேறு. அந்த டிசம்பரிலேயே 12 படங்களையும் சொசைட்டி காட்சிக்கு வைத்தது. நூறு செட் அடிப்பதாகத் திட்டம், செட் அன்றைய இங்கிலாந்துப் பணத்தில் 50 கினி.

பத்திரிகைகள் கிழித்துவிட்டன. ஒரு விமர்சகர் குறிப்பாக ‘நாக்டர்னை’ப் பிடித்துக்கொண்டு, இதை எச்சிங் என்று சொல்வதே சிரமம், எலும்பை மட்டும் தகட்டில் கீறிவிட்டு மேலே மையை இழுகியிருக்கிறார், பழுப்புப் புகை மாதிரி ஒரு வெனிஸ் வானத்தை நான் பார்த்ததே இல்லை என்ற பொருளில் எழுதினார். கேலிதான். ஆனால் தொழில்நுட்பமாகப் பார்த்தால் அந்த ஆள் பார்த்தது மிகச் சரி! எலும்பு தகட்டில், சதை துடைப்பில். அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

விஸ்லர் அதை மறக்கவில்லை. 1883 பிப்ரவரியில் அதே சொசைட்டியில் 51 எச்சிங்குகளோடு மறுபடி கண்காட்சி. சுவர் வெள்ளை, மற்றதெல்லாம் மஞ்சள். வாசலில் நின்ற பணியாளுக்குக்கூட மஞ்சளும் வெள்ளையும் உடுப்பு. கையில் கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே விமர்சகர்கள் திட்டியதையே எடுத்து அச்சடித்திருந்தார், மேலே சொன்ன பழுப்புப் புகை உட்பட. அந்தப் பட்டியலைத் தயாரிப்பதில் அவர் காட்டிய குதூகலம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. ஆனால் கூட்டம் வந்தது. அதே வருடம் அக்டோபரில் நியூயார்க்கில் படம் விற்கும் வுண்டர்லிக் கடையிலும் இதே மஞ்சள் வெள்ளை ஏற்பாட்டில் காட்சி நடந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பலருக்கு வெனிஸ் படங்கள் அறிமுகமானது அங்கேதான்.

1880, 1883 கண்காட்சிகளுக்கு நடுவில், 1881-ல் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்சிங் கலைஞர்களின் பெயின்ட்டர்-எட்சர்ஸ் சங்கம் லண்டனில் நடத்திய கண்காட்சிக்கு ஃபிராங்க் டுவனெக் என்ற அமெரிக்கர் வெனிஸ் எச்சிங்குகளை அனுப்பியிருந்தார். சங்கத் தலைவர் சீமூர் ஹேடன் விஸ்லரின் மாமன் மச்சான் உறவு. அக்காவைக் கட்டியவர், பேச்சுவார்த்தை நின்று வருடங்களாகியிருந்தன. டுவனெக் என்ற பெயரில் விஸ்லரே திருட்டுத்தனமாக அனுப்பியிருக்கிறாரோ என்று ஹேடனுக்குச் சந்தேகம். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஃபைன் ஆர்ட் சொசைட்டிக்கே போய் ஒப்பிட்டுப் பார்த்தார். டுவனெக் நிஜமான ஆள்தான் என்று தெரிந்ததும், விஸ்லர் இது பற்றி நடந்த கடிதப் போக்குவரத்தை அச்சிட்டு ஊரெல்லாம் படிக்க வைத்தார்.

இனி சேகரிப்பு. நூறு செட் என்றார்களே, அதை விஸ்லர் முடிக்கவே இல்லை. வேறு அச்சுக்காரரிடம் கொடுக்க மனமில்லாமல், தானே கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் கொடுத்தார். காகிதத்துக்காகப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, பழங்கணக்குப் புத்தகங்களின் வெற்றுத் தாள்களை வாங்கிச் சேர்த்தார். 1903-ல் அவர் இறந்தபோதும் பாக்கி இருந்தது. மீதியை அடித்து முடித்தவர் ஃபிரடெரிக் கோல்டிங் என்ற தேர்ந்த அச்சுக்காரர்.

ஆகவே ‘நாக்டர்ன்’ தாள் ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பக்கம். விஸ்லர் தகட்டின் விளிம்போடு ஒட்டிக் காகிதத்தை வெட்டிவிடுவார். கீழே மட்டும் விரல்நக அளவுக்குச் சின்ன நாக்கு ஒன்றை விட்டுவைப்பார். அதில் பென்சிலால் அவருடைய பட்டாம்பூச்சிக் குறியும் பக்கத்தில் ‘இம்ப்’ என்ற மூன்றெழுத்தும் இருக்கும். அடித்ததும் நானே என்று பொருள். வாஷிங்டன் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஃப்ரியரில் சில விஸ்லர் எச்சிங்குகள் வைத்திருந்தார்கள். மருமகன் படத்தைப் பார்த்தார், நான் அந்த நாக்கைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மை காய்வதற்குள் பென்சிலைத் தொட்டிருந்தால் அப்படிக் கோடு வராது. நன்றாக உலர வைத்து நிதானமாக எழுதியிருக்கிறார்.

சார்லஸ் லாங் ஃப்ரியர் டெட்ராய்ட்டில் ரயில் பெட்டி செய்து பணக்காரரானவர். 1887-ல், அந்த 12 படங்களுக்குப் பிறகு வந்த விஸ்லரின் இரண்டாவது வெனிஸ் செட்டை வாங்கியதில் தொடங்கினார். 1890-ல் லண்டனில் நேரில் சந்தித்தார். பிறகு நண்பர்களாகி, விஸ்லரின் மனைவிக்காகக் கல்கத்தாவில் பாடும் பறவை வாங்கிக் கப்பலில் அனுப்பும் அளவுக்குப் போனது. 1906-ல் தன் சேகரிப்பை வாஷிங்டனில் உள்ள அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியனுக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே எங்கும் இரவல் தரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1919-ல் இறந்தார், 1923-ல் கலைக்கூடம் திறந்தது. அங்கே இருப்பதுதான் அசல் என்ற எண்ணம் அந்த நிபந்தனையாலேயே பரவியிருக்கலாம் என்பது என் ஊகம். வெளியே போகாத பொருளுக்கு ஒரு தனி மகிமை வந்துவிடுகிறது.

வாஷிங்டன் நகரத்துக்குள்ளேயே நேஷனல் காலரியில் இன்னொரு ‘நாக்டர்ன்’ இருக்கிறது; லெசிங் ரோசன்வால்டு 1943-ல் கொடுத்த சேகரிப்பில் வந்தது. பிரையன் லாத்ரோப் சேர்த்த விஸ்லர் எச்சிங்குகள் 1934-ல் சிகாகோவுக்குப் போயின. விஸ்லரின் வாரிசான மைத்துனி ரோசலிண்ட் பர்னி ஃபிலிப் 1935-லும், இறந்த பிறகு உயில் மூலம் 1958-லும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நியூயார்க் வியாபாரி சாமுவேல் ஏவரி 1900-ல் தன் அச்சுப் படங்களைப் பொது நூலகத்துக்குத் தந்துவிட்டார். இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஏவரிதான். பூட்டி வைக்கவில்லை, நிபந்தனைகளோடு மாளிகை கட்டவில்லை, நூலகத்தில் கொடுத்தார்.

ஒவ்வொரு தாளும் யார் யார் கைமாறி வந்தது என்பதும் தெரியாத விஷயமில்லை. சேகரிப்பாளர்கள் தாளின் பின்னால் தங்கள் முத்திரையைக் குத்தும் வழக்கம் இருந்தது. அந்த முத்திரைகளை அடையாளம் காண்பதற்கென்றே ஃபிரிட்ஸ் லுக்ட் 1921-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் விஸ்லரின் எச்சிங்குகள் அத்தனைக்கும் இணையத்தில் பட்டியல் வைத்திருக்கிறது. தாள் வாரியாக எந்தக் கண்காட்சி, எந்த உரிமையாளர் என்று அதில் தேடலாம். அதனால் இப்படிப்பட்ட ஒரு படத்தை வெளியிடும்போது, எந்த அருங்காட்சியகத்தின் தாள் என்று கீழே ஒரு வரி போட வேண்டியது அவசியம். நீங்கள் வெளியிட்ட படத்தில் அது இல்லை. கட்டுரை கும்மிருட்டு என்று வர்ணிக்கிறது. படத்தில் வானம் வெளிறிக் கிடக்கிறது. வாசகர் உங்கள் அச்சைத்தான் குறை சொல்லுவார். உண்மையில் அது வேறொரு தாளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஸ்மித்சோனியனும் நேஷனல் காலரியும் தங்கள் தாள்களின் படங்களைக் கட்டணமில்லாமல் எடுத்து வெளியிட அனுமதிக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றின் கீழும் இடத்தின் பெயரோடு போடுங்கள். மூலத்தின் அளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு 30; அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்க வேண்டாம், மூன்று பத்தி அகலமாவது கொடுங்கள். அன்றைக்கு மட்டும் மெஷின்மேனிடம் சொல்லி அந்தப் பக்கத்துக்குக் கறுப்பைக் கொஞ்சம் குறைத்து விடச் சொல்லுங்கள். நியூஸ்பிரிண்ட் மையைக் குடித்துப் பரப்பிவிடும், இரண்டும் ஒரே இருட்டாகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாக் தொழிலாளி,
சிவகாசி.